கயிறும் பதிவேடும்

கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு கைதி ஓடிவிட்டான் என்பது போலீஸார் சொன்ன கதை. இடம் ஒடிசாவின் சுந்தர்கட் மாவட்டத்தில் உள்ள ஜெராய்கேலா புறக்காவல் நிலையம். 1987 டிசம்பர் 1ஆம் தேதி காலை எட்டு மணிக்கு, திருட்டு வழக்கு ஒன்றின் விசாரணைக்கென்று 22 வயது இளைஞர் ஒருவரை வீட்டிலிருந்து அழைத்து வந்தார்கள். கைவிலங்கு மாட்டி, கயிற்றாலும் கட்டி வைத்தார்கள். மறுநாள் அதிகாலை மூன்று மணிக்கு அவர் தப்பினாராம். ஓடும் வழியில் ரயிலில் அடிபட்டாராம். உடல் தண்டவாளத்தில் கிடந்தது.

1988 செப்டம்பர் 14ஆம் தேதியிட்டு அவருடைய தாய் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே ரிட் மனுவாக எடுத்துக்கொண்டது. அந்தத் தாய்க்காக வாதாட வழக்கறிஞர் எம்.எஸ். கணேஷை நியமித்தது. 1993 மார்ச்சில் தீர்ப்பு வந்தது: மாநில அரசு ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும். அந்தத் தாயின் பெயரால் நீலபதி பெஹரா வழக்கு என்று சட்ட மாணவர்கள் மனப்பாடம் செய்வது இதைத்தான். அவர்கள் மனப்பாடம் செய்வது தீர்ப்பின் சட்டப் பகுதியை. நான் இங்கே எடுத்துப் பேச விரும்புவது அதற்கு முந்தைய பக்கங்களை, கயிற்றுக் கதை எப்படி உடைந்தது என்பதை.

ரகசிய சாட்சி என்று யாரும் வரவில்லை. காவலில் இருந்தார் என்பதைப் போலீஸாரே ஒப்புக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்குத் தப்பினார் என்றால் மூன்றரைக்குத் தேடியிருக்க வேண்டும் அல்லவா? தேடியதற்கு நம்பத்தகுந்த, சார்பில்லாத ஆதாரம் ஒன்றும் இல்லை. உடலை முதலில் பார்த்தவர்கள் ரயில்வே ஊழியர்கள். போலீஸார் வெகுநேரம் கழித்துத்தான் அங்கே வந்தார்கள். காவலிலிருந்து ஆள் தப்பிவிட்டான் என்று பதைத்துப்போன நிலையத்தின் நடவடிக்கையா இது? பிணக்கூறு ஆய்வு செய்த மருத்துவர், உடம்பில் இருந்த காயங்கள் அனைத்தையும் ரயில் மேல் போட முடியாது, லத்தி போன்ற மழுங்கிய பொருளால் அவை ஏற்பட்டிருக்கலாம் என்றார். உச்ச நீதிமன்றம் கேட்டபடி மாவட்ட நீதிபதி ஒருவர் விசாரித்து அளித்த அறிக்கையும் அதையே சொன்னது. அரசுத் தரப்பு எழுதியிருந்ததைவிட, எழுதியிருக்க வேண்டிய இடத்தில் எழுதாமல் விட்டதுதான் உரக்கப் பேசியது.

அரசு நிறுவனம் ஒன்றின் தவறால் உயிர் போகும்போது, அந்த மரணத்தைப் பற்றிய முதல் தாளை எழுதுவது பெரும்பாலும் அதே நிறுவனம்தான். காவல் நிலையத்தில் என்றால் பொது நாட்குறிப்பு, மின்வாரியத்தில் என்றால் துணைமின் நிலைய லாக் புக், அரசு மருத்துவமனையில் என்றால் கேஸ் ஷீட். குடும்பம் மயானத்திலிருந்து திரும்புவதற்குள் கதை எழுதி முடிந்திருக்கும். அதற்குப் பின் வருகிற வழக்கறிஞருக்கு வாதத்திறமை இரண்டாம்பட்சம். எதிராளியே எழுதிய தாளை எதிராளிக்கு எதிராகப் படிக்கத் தெரிந்தவர்தான் அந்தக் குடும்பத்துக்கு வேண்டியவர். இந்தியாவில் பொது நிறுவனங்களைப் பொறுப்பேற்க வைத்த வழக்குகளைப் புரட்டினால், பெரிய வெற்றிகளில் பலவும் இந்த வாசிப்பில்தான் தொடங்கியிருக்கின்றன. பெரிய தோல்விகள் சிலவற்றில் தாள்கள் எல்லாம் கைக்கு வந்தன. சட்டம்தான் வந்து சேரவில்லை.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட குடும்பம் வக்கீல் அறைக்கு வரும்போது ஒரு மஞ்சப்பையோடு வரும். அதில் ரேஷன் கார்டு, ஆதார், எஃப்.ஐ.ஆர். நகல், போஸ்ட்மார்ட்டம் சான்று, தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்று இருக்கும். செய்தித்தாளில் வந்த நாலு வரியை லேமினேட் செய்து வைத்திருப்பார்கள். அனுபவமுள்ள வக்கீல் குமாஸ்தா அந்தச் செய்தித் துண்டைத்தான் முதலில் பார்ப்பார். அதிகாரி யாராவது அன்றைக்கே வாய் தவறி ஏதேனும் சொல்லியிருக்கிறாரா என்று தேடுவார். "கம்பி ரொம்ப நாளாகவே தொங்கியது, புகார் வந்திருந்தது" என்று உதவிப் பொறியாளர் நிருபரிடம் சொன்ன ஒரு வரி, பின்னால் வரும் முப்பது பக்கக் கவுண்டர் பதில்மனுவைவிட விலை உயர்ந்தது. அது நேரடிச் சாட்சியம் ஆகாது. ஆனால் எந்தப் புகார்ப் பதிவேட்டைக் கேட்டு மனுப்போட வேண்டும் என்று அது காட்டிக்கொடுக்கும்.

*

அரசின் மேல் இழப்பீட்டு வழக்குப் போடலாமா என்ற கேள்வி நம் நாட்டில் ஒரு குதிரையிலிருந்து தொடங்குகிறது. கல்கத்தாவின் கிதிர்ப்பூர் அரசுக் கப்பல் பட்டறையில் தொழிலாளர்கள் தூக்கிச் சென்ற இரும்புத் துண்டு ஒன்று தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் கப்பல் கம்பெனி ஒன்றின் வண்டிக்குதிரை மிரண்டு அடிபட்டது. நஷ்டம் 350 ரூபாய். 1861இல் கல்கத்தாவில் அன்றிருந்த சுப்ரீம் கோர்ட் அரசு அதைத் தரவேண்டும் என்றது. சொன்ன காரணம்தான் நூறாண்டுக்கு மேல் நம்மைப் பாடாய்ப் படுத்தியது. கப்பல் பட்டறை நடத்துவது தனியாரும் செய்யக்கூடிய காரியம், அதனால் வழக்குப் போடலாம். அரசு மட்டுமே செய்யக்கூடிய இறையாண்மைக் காரியம் என்றால் போட முடியாது. குதிரைக்கு நீதி கிடைத்த கையோடு மனிதர்களுக்கு ஒரு கதவு சாத்தப்பட்டது.

அந்தக் கதவில் மோதியவர்களில் ஒருவர் அமிர்தசரஸ் நகை வியாபாரி. 1947 செப்டம்பர் 20 இரவு மீரட் நகரில் சரக்கோடு போனவரைச் சந்தேகத்தின் பேரில் போலீஸ் பிடித்தது. மறுநாள் ஜாமீனில் விட்டது. வெள்ளி திரும்பி வந்தது. நூறு தோலாவுக்கு மேலான தங்கம் வரவில்லை. காவல் நிலையப் பொருள் அறைக்குப் பொறுப்பாக இருந்த தலைமைக் காவலர் அதை எடுத்துக்கொண்டு அக்டோபரில் பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். கைப்பற்றிய பொருளை வைத்துக் காக்கும் விதிகளைப் போலீஸார் பின்பற்றவில்லை என்பதை உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் 1964இல், கைது செய்வதும் கைப்பற்றுவதும் இறையாண்மைக் காரியங்கள், இழப்பீடு கிடையாது என்று சொல்லிவிட்டது. இந்த நிலை சரியில்லை, நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும் என்று அதே தீர்ப்பு கேட்டுக்கொண்டது. சட்ட ஆணையத்தின் முதல் அறிக்கையே 1956இல் இதைப் பற்றித்தான். 1960களில் மசோதாக்கள் வந்து காலாவதியாயின. அப்படி ஒரு சட்டம் இன்றைக்கும் இல்லை.

அரசு என்ற சொல்லுக்குக் கீழே நிற்கும் நகராட்சிகளின் கதை சற்று வேறு. 1951 ஏப்ரல் 6 அன்று டெல்லி சாந்தினி சவுக்கில் டவுன் ஹாலுக்கு எதிரே இருந்த மணிக்கூண்டு இடிந்து விழுந்து வழிப்போக்கர்கள் இறந்தார்கள். வெளியே தெரியாத பழுது, எங்களுக்கு எப்படித் தெரியும் என்றது மாநகராட்சி. கட்டடத்துக்கு எண்பது வயது. அந்தக் காலத்துச் சாந்துக்கு ஆயுள் நாற்பது, நாற்பத்தைந்து ஆண்டுகள். இந்த இரண்டு எண்களும் பதிவில் இருந்தன. ஆயுளைத் தாண்டி இவ்வளவு காலம் நின்ற கூண்டை நீ ஏன் சோதித்துப் பார்க்கவில்லை என்று கேட்டு, 1966இல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சியைப் பொறுப்பாக்கியது. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் அழகான தீர்ப்பு இதுதான். கழித்தல் கணக்கு ஒன்றே போதுமானதாக இருந்தது. ஆனால் ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து இறந்தவர் வழக்கில், 1997இல், அதே நீதிமன்றம் மாநகராட்சிக்குப் பொறுப்பில்லை என்றது. கூண்டுக்கு ஒரு நியாயம், மரத்துக்கு ஒரு நியாயம்.

*

சாத்திய கதவைச் சுற்றிக்கொண்டு போகும் வழியைக் கண்டவர்களில் முக்கியமானவர் கபிலா ஹிங்கோரானி. 1979இல் பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள் ஆண்டுக்கணக்காகக் கிடப்பதைப் பற்றி 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளிதழில் கே.எஃப். ருஸ்தம்ஜி எழுதியதைப் படித்துவிட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் அவர். ஹுசைனாரா காத்தூன் வழக்கு என்று அது பெயர் பெற்றது. சிறையில் இருப்பவரோ உறவினரோ வக்காலத்து கொடுக்காமல் நாளிதழ்ச் செய்தியை நம்பி வழக்குப் போடுவதா என்ற தடையைத் தாண்டித்தான் அது விசாரணைக்கே வந்தது.

நான்கு ஆண்டு கழித்து அவர் வாதாடிய வழக்கு ருதுல் ஷா வழக்கு. முசாஃபர்பூர் சிறையில் இருந்த ஒருவரை 1968 ஜூன் 3 அன்று செஷன்ஸ் நீதிமன்றம் விடுதலை செய்தது. அவர் வெளியே வந்தது 1982 அக்டோபர் 16. பதினான்கு ஆண்டுக்கு மேல். ஏன் என்று கேட்டதற்கு, அவர் மனநிலை சரியில்லாதவர் என்று சிறைத்தரப்பு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. இப்போது தாள்களைப் பார்ப்போம். விடுதலை உத்தரவிலேயே, அரசும் சிறைத்துறை ஐ.ஜி.யும் மறு உத்தரவு போடும்வரை சிறையில் வைக்கவும் என்று ஒரு வால். மனநிலை சரியில்லை என்று எந்த மருத்துவர் எப்போது சொன்னார் என்பதற்குத் தாள் இல்லை. அவர் இயல்பாக இருக்கிறார் என்று அரசு மருத்துவர் சொன்னதற்கோ தாள் இருந்தது. 1977 பிப்ரவரியில் அந்தத் தகவல் சட்டத்துறைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அதற்குப் பிறகும் ஐந்தரை ஆண்டுக்கு மேல் அவர் உள்ளேயே இருந்தார். இந்தத் தேதிகளைக் கொடுத்ததும் அரசுத் தரப்புதான்.

தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட், விடுதலை செய் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அடிப்படை உரிமை பறிபோனதற்கு ரிட் மனுவிலேயே இழப்பீடு தரலாம் என்றார். முன்பே தந்திருந்த 5,000 ரூபாயோடு 30,000 ரூபாய். கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு ஏழு ரூபாய்கூட வராது. இது இடைக்கால நிவாரணம்தான், முழு நஷ்டஈட்டுக்குத் தனியே சிவில் வழக்குப் போடத் தடையில்லை என்றும் தீர்ப்பு சொன்னது. தொகை சொற்பம். வழி புதிது. உரிமையை மீறிவிட்டாய் என்று அரசியலமைப்பின் பெயரால் கேட்கும்போது, 1861ஆம் ஆண்டுக் குதிரை குறுக்கே வராது. நீலபதி பெஹரா தீர்ப்பு அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதி வைத்தது.

சிவில் வழக்கு என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அரசின் மேல் போடுவதென்றால் முதலில் இரண்டு மாத நோட்டீஸ். மரணத்துக்கான நஷ்டஈடு 1855ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. காலவரம்பு இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. சம்பாதித்தவர் போன வீட்டில் அழுது ஓய்ந்து, கடன்காரர்களுக்குப் பதில் சொல்லி, வாரிசுச் சான்று வாங்கி முடிப்பதற்கே ஓராண்டு ஆகிவிடும். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 2017 வரை கேட்கும் தொகையில் ஏழரை சதவீதமாக இருந்தது. பத்து லட்சம் கேட்க வேண்டுமானால் 75,000 ரூபாய் கையில் இருக்க வேண்டும். இப்போது மூன்று சதவீதம். ரிட் மனுவுக்கு இந்தச் சதவீதக் கணக்கே இல்லை. அதனால்தான் ஏழைக் குடும்பத்தின் வக்கீல் எப்பாடுபட்டாவது ரிட் என்ற வாசலுக்குள் நுழையப் பார்க்கிறார்.

*

அந்த வாசலிலும் ஒரு படி இருக்கிறது, தடுக்கி விழுபவர்கள் பெரும்பாலும் அங்கேதான் விழுகிறார்கள். ரிட் நீதிமன்றம் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வதில்லை. பத்திரங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது. எனவே நடந்தது என்ன என்பதிலேயே தகராறு இருந்தால், சிவில் கோர்ட்டுக்குப் போ என்று அனுப்பிவிடும். மின்சாரம் தாக்கி இறந்தவர்களின் குடும்பங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வழி செய்த சில வழக்குகள் உச்ச நீதிமன்றம் சென்றபோது, 2000ஆம் ஆண்டு, தமிழ்நாடு மின்வாரியம் எதிர் சுமதி தீர்ப்பு இதைத்தான் சொன்னது. பொறுப்பை வாரியம் தெளிவாக மறுக்கிறது, உண்மைகளில் தகராறு இருக்கிறது என்றால் ரிட் பொருத்தமான வழியாக இராது.

இதன் நடைமுறை விளைவு என்ன? மறுத்துவிட்டாலே பாதி வழக்கு முடிந்தது. "மனுதாரர் கூறும் சம்பவம் இந்த வாரியத்தின் கவனக்குறைவால் நடந்ததல்ல, இறந்தவரே தன் அஜாக்கிரதையால் கம்பியைத் தொட்டார்" என்று ஒரு பத்தி. அதைத் தட்டச்சு செய்ய ஐந்து நிமிடம் போதும்.

ஆகவே குடும்பத்தின் வக்கீல் செய்யும் வேலையை ஒரே வரியில் சொல்லலாம்: தகராறுள்ள உண்மையைத் தகராறில்லாத உண்மையாக மாற்றுவது. கருவி, எதிராளியின் தாள்தான். மின்விபத்தில் உயிர்ப்பலி என்றால் 24 மணி நேரத்துக்குள் மின் ஆய்வாளருக்கு அறிவிப்புப் போக வேண்டும். மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி விசாரணை நடக்கலாம். மின் ஆய்வுத் துறை வாரியத்துக்குள் அடங்கியதல்ல, வேறு துறை. அதன் அறிக்கையில், தெருக் குறுக்கே போகும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து குறைந்தது 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், இந்தக் கம்பி இத்தனை மீட்டரில் இருந்தது என்று ஒரு வரி இருந்துவிட்டால் தகராறு அங்கேயே தீர்ந்தது. அந்த வரிக்காகத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, முப்பது நாள் காத்திருந்து, மேல்முறையீடு செய்து, நகல் வாங்குகிறார்கள். எஃப்.ஐ.ஆரில் காவலர் எழுதிய "அறுந்து கிடந்த கம்பி" என்ற இரண்டு சொல்லை அடிக்கோடிட்டு வைக்கிறார்கள். அறுந்து கிடந்தால் தொட்டவரின் அஜாக்கிரதை எங்கே வந்தது?

2002இல் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி முன்னே போனது. மழை இரவில் சைக்கிளில் வீடு திரும்பிய தொழிலாளி ஒருவர் சாலையில் கிடந்த மின்கம்பியில் சிக்கி இறந்தார். யாரோ திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டு மின்சாரம் எடுத்ததால் வந்த வினை என்றது வாரியம். ஆபத்தான பொருளைக் கையாள்பவன் நீ, அது தப்பி வெளியே வந்து ஒருவரைக் கொன்றால், கவனக்குறைவு இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை என்று நீதிமன்றம் சொன்னது. மின்விபத்து வழக்குகளில் இன்று வக்கீல்கள் முதலில் நீட்டுவது இந்தத் தீர்ப்பை, வாரியத் தரப்பு பதிலுக்கு நீட்டுவது சுமதி தீர்ப்பை. இரண்டும் உயிரோடுதான் இருக்கின்றன. எந்த நீதிபதி முன் பட்டியலிடப்படுகிறது என்பதும் குடும்பத்தின் தலையெழுத்தில் ஒரு பங்கு.

*

எல்லாத் தாள்களும் கையில் இருந்தும் பாதியில் நின்ற வழக்கு உபகார் திரையரங்கத் தீ விபத்து வழக்கு. 1997 ஜூன் 13, தெற்கு டெல்லி, 'பார்டர்' படம். 59 பேர் இறந்தார்கள், 103 பேர் காயமடைந்தார்கள். பிள்ளைகள் இருவரையும் இழந்த நீலம், சேகர் கிருஷ்ணமூர்த்தி தம்பதியர் மற்றக் குடும்பங்களைச் சேர்த்துச் சங்கம் அமைத்தார்கள். மூத்த வழக்கறிஞர் கே.டி.எஸ். துல்சி கட்டணம் வாங்காமல் வாதாடினார்.

அன்று காலை ஏழு மணிவாக்கிலேயே அரங்கின் தரைத்தளத்தில் இருந்த டெல்லி மின்வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மரில் தீப்பிடித்து அணைந்திருந்தது. பத்தரை மணிக்கு மேல் வாரிய ஊழியர்கள் வந்து பழுது பார்த்தார்கள். கம்பி முனையை இறுக்கும் கிரிம்பிங் இயந்திரம் பயன்படுத்தப்படவில்லை. மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்பு அந்த இணைப்பு கழன்று, தீப்பொறியில் டிரான்ஸ்ஃபார்மரின் துடுப்பு துளைபட்டு, எண்ணெய் கசிந்து பற்றிக்கொண்டது. புகை படிக்கட்டு வழியே பால்கனிக்கு ஏறியது. பால்கனியின் வலப்பக்க வழி, கூடுதல் இருக்கைகளுக்காகவும் எட்டு இருக்கைக் குடும்பப் பெட்டிக்காகவும் அடைபட்டிருந்தது. செத்தவர்கள் தீயில் வெந்து சாகவில்லை. மூச்சுத் திணறிச் செத்தார்கள்.

இதில் யார் யார் பொறுப்பு? 1983இல் ஆய்வு செய்து குறைகளைப் பட்டியலிட்டு உரிமத்தை நிறுத்தியது உரிமம் வழங்கும் போலீஸ் பிரிவு. நீதிமன்றத் தடை வந்தது. அதன்பின் 1997 வரை தற்காலிக அனுமதி மேல் தற்காலிக அனுமதியாக அரங்கம் ஓடியது. ஒவ்வொரு தடவையும் யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். 2003இல் டெல்லி உயர் நீதிமன்றம் பொறுப்பைச் சதவீதமாகப் பங்கிட்டது: உரிமையாளருக்கு 55, மின்வாரியம், மாநகராட்சி, உரிமம் வழங்கிய போலீஸ் பிரிவு ஆகிய மூன்றுக்கும் தலா 15. இறந்தவர் இருபது வயதுக்கு மேற்பட்டவரானால் 18 லட்சம், கீழ்ப்பட்டவரானால் 15 லட்சம்.

2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைத் திருத்தியது. தொகை 10 லட்சமாகவும் ஏழரை லட்சமாகவும் குறைந்தது. அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று: மாநகராட்சியும் போலீஸும் இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டன. உரிமையாளருக்கு 85, மின்வாரியத்துக்கு 15. சட்டம் கொடுத்த அதிகாரத்தைச் சரியாகப் பயன்படுத்தத் தவறினார்கள் என்பது மட்டும் இழப்பீட்டுக்குப் போதாது. கெட்ட எண்ணமோ விபத்தோடு நேரடித் தொடர்போ காட்டப்பட வேண்டும் என்பது காரணம். இல்லாவிட்டால் ஒவ்வொரு மேற்பார்வை அமைப்பும் ஒவ்வொரு விபத்துக்கும் பணம் கட்ட வேண்டிவரும் என்ற அச்சம் தீர்ப்பில் தெரிகிறது. அந்த அச்சத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரைச் சரியாக முடுக்காத கை பொறுப்பாகிறது. பால்கனி வழி அடைபட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டிய கண் பொறுப்பாவதில்லை. பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கிய கண் அது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று தீயில் 94 குழந்தைகள் இறந்த பள்ளியை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் கேள்வி முழுக்க இந்தக் கண்ணைப் பற்றியதுதான்.

உபகார் வழக்கில் தாள்களுக்கே நேர்ந்த கதியும் உண்டு. நீதிமன்றக் காவலில் இருந்த ஆவணங்களில் பக்கங்கள் கிழிக்கப்பட்டும் மை கொட்டப்பட்டும் இருந்தன. விபத்துக்குப் பின் போலீஸ் கைப்பற்றியவற்றின் மெமோ, நிர்வாகக் கூட்டக் குறிப்புகள், காசோலைகள் போன்றவை. நீதிமன்ற ஊழியர் ஒருவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். உரிமையாளர்கள் உள்ளிட்டோருக்கு 2021 நவம்பரில் ஏழாண்டு தண்டனை விதிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு ஜூலையில் அதுவரை சிறையில் இருந்த காலமே போதும் என்று குறைக்கப்பட்டது. தாள்தான் சாட்சி என்பது குடும்பத்தின் வக்கீலுக்கு மட்டும் தெரிந்த ரகசியமல்ல.

சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் காவலில் இறந்தபோது அதே ரகசியம் இன்னொரு வடிவத்தில் வந்தது. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் காவல் நிலையக் கேமரா பதிவைக் கேட்டார். வன்தட்டில் ஒரு டெராபைட் இடம் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்தது. காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. எதற்கு? தடயங்கள் போய்விடக் கூடாது என்பதற்கு. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் காவல் நிலையங்களில் கேமரா வேண்டும், பதிவைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு என்றது. கயிற்றைக் கடித்த கதையைச் சொல்ல இனி இடமிருக்காது என்று அன்று நம்பினோம். கேமரா வேலை செய்யவில்லை என்ற கவுண்டர் பத்தியை அப்போது நாம் நினைத்துப் பார்க்கவில்லை.

*

பணம் வந்தால் என்ன ஆகிறது? கஜானாவிலிருந்து வருகிறது. ருதுல் ஷா வழக்கிலிருந்து இன்றுவரை பெரும்பாலும் அப்படித்தான். தவறு செய்தவரிடம் பிடித்தம் செய்துகொள்ள அரசுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்புகள் சொல்கின்றன. பிடித்தார்களா என்று குடும்பத்துக்கு யாரும் கடிதம் போடுவதில்லை. மாநில மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொன்னது இந்த வகையில் ஒரு முன்னேற்றம். அதுவரை பரிந்துரை என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிய முடிந்தது. சாக்கடைக் குழியில் இறந்தவர்களுக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் பத்து லட்சம் என்று நிர்ணயித்தது, 2023இல் முப்பது லட்சமாக்கியது. அந்தத் தொகைக்குக்கூட, அவர் எங்கள் ஆள் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள் என்ற ஒரு பத்தியைக் கடந்துதான் வர வேண்டும்.

வழக்கைத் தொகையோடு முடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் குடும்பம் உண்டு, அதில் தவறேதும் இல்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டும். எப்படிச் செத்தார் என்று எழுத்தில் வேண்டும் என்று நிற்கும் குடும்பமும் உண்டு. கருணைத்தொகை உத்தரவில் அந்த எழுத்து இருக்காது. "மனிதாபிமான அடிப்படையில்" என்று தொடங்கும் உத்தரவு, தவறு நடந்தது என்று ஒப்புக்கொள்ளாமலே பணம் தருவதற்கென்று உருவான நடை. வக்கீல்கள் சிலர் அந்தக் காசோலையை வாங்கச் சொல்லும்போதே, "உரிமையைப் பாதிக்காமல் பெற்றுக்கொண்டேன்" என்று ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். கொடுக்கும் அதிகாரிக்கு அந்த வரி பிடிக்காது.

கடைசியில் வழக்கு மஞ்சப்பைக்கே திரும்பி வருகிறது. உத்தரவு கைக்கு வந்து, பணத்தை எடுக்கப் போகும் நாளில் ஒரு சிக்கல் முளைக்கும். எஃப்.ஐ.ஆரில் ஒரு பெயர், போஸ்ட்மார்ட்டம் சான்றில் ஒரு பெயர், வாரியத்தின் விபத்து அறிக்கையில் இன்னொரு பெயர். முருகேசன், முருகன், எம். முருகேஷ். மூன்றையும் எழுதியது அரசு அலுவலகங்கள். கணக்குப் பிரிவு ஏற்றுக்கொள்ளாது.

"இந்த மூணு பேரும் ஒரே ஆள்தான்னு தாசில்தார்கிட்ட சான்று வாங்கிட்டு வாங்கம்மா" என்பார் குமாஸ்தா.

"செத்தது ஒருத்தர்தானே சார்?"

"அதைத்தாம்மா எழுதி வாங்கணும்."

அந்தம்மா பையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்தபடி படி இறங்குவார்.